கருப்பட்டிப் பாகு பூசிய விளமீன்: தோசைக்கல்லில் செய்து பார்த்த விவரம்

முள் நீக்கிய விளமீன் துண்டுகளின்மேல் கருப்பட்டிப் பாகு பளபளவென்று படிந்து, கருகாமலும் வழிந்து ஓடாமலும் நின்று, உள்ளே சதை ஈரம் குறையாமல் அடுக்கடுக்காகப் பிரிந்து வருகிற முறை ஒருவழியாக எங்கள் வீட்டு அடுப்பில் கைகூடியிருக்கிறது. கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையிலுள்ள இந்தக் கரையில் மீனைக் குழம்பாகவும் பொரியலாகவும் சமைக்கத் தெரியாத வீடு இல்லை. ஆனால் இனிப்பும் புளிப்பும் காரமும் கலந்த பாகைச் சதையின்மேல் மெல்லிய படலமாக ஏற்றிச் சமைப்பது வேறு வேலை. அது எந்த இடத்தில் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்பதைச் செய்து பார்த்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

இத்தகைய சமையலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் செய்முறைகள் தேன், சோயா சாஸ், வெள்ளைச் சீனி ஆகியவற்றையும் மின்சார அவனையும் நம்பியிருப்பவை. இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இனிப்புக்குத் தேனைத் தேடிப்போக வேண்டிய தேவையே இல்லை. சாயல்குடிப் பக்கம் பனங்காடுகளிலிருந்து வரும் கருப்பட்டி இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் இருக்கிறது. புளி எல்லா வீட்டிலும் இருக்கிறது. இந்த மூன்றையும் கொண்டே பாகு காய்ச்ச வேண்டும், பெரும்பாலான வீடுகளில் உள்ள இரும்புத் தோசைக்கல்லிலேயே முடிக்க வேண்டும் என்று வரம்பு வைத்துக்கொண்டுதான் தொடங்கினேன்.

மீனைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பம் அதிகம் இல்லை. சங்கராவின் துண்டு மெலிந்திருப்பதால் பாகு இறுகுவதற்குள் சதை வெந்து வறண்டுவிடுகிறது. பாறை மீன் தடிப்பாக இருந்தாலும், அதன் சதையிலுள்ள கருஞ்சிவப்புப் பட்டையின் வாடை கருப்பட்டியோடு ஒத்துப்போகவில்லை. விளமீனின் சதை வெள்ளையாகவும் மிதமான உறுதியோடும் இருக்கிறது. ஒன்றரைக் கிலோ மீனில் முதுகுப் பக்கம் இரண்டு முதல் இரண்டரைச் சென்டிமீட்டர் தடிமன் கிடைக்கிறது. பாகுக்கு அந்தத் தடிமன் கட்டாயம் தேவை.

மன்னார் வளைகுடாப் பாறைப் பகுதிகளில் கூடு வைத்துப் பிடிக்கும் விளமீன் கரைக்கு வரும்போதும் துடித்துக்கொண்டிருக்கும். அதைவிடப் புதிய மீன் எங்கும் கிடைக்காது என்பதால், காலையில் வாங்கியதை உடனே அறுத்து மதியமே சமைத்தேன். கல்லில் வைத்த உடனே துண்டு ஓரங்களை உள்ளிழுத்துக்கொண்டு வளைந்தது. 22 சென்டிமீட்டர் நீளமிருந்த துண்டு 18 சென்டிமீட்டருக்குச் சுருங்கி, நடுவில் புடைத்து நின்றது. புடைத்த இடத்திலிருந்து பாகு வழிந்து ஓரங்களில் தேங்கிக் கருகியது. கல்லின் சூடுதான் காரணம் என்று நினைத்துத் தீயை மாற்றி மாற்றிப் பார்த்ததில் பயனில்லை. காரணம் மீனிலேயே இருந்தது. மீன் இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துக்கொள்கிறது. விறைப்பு தளர்வதற்கு முன்பே சதையை நடுமுள்ளிலிருந்து பிரித்துவிட்டால், இழுத்துப் பிடிக்க எலும்பு இல்லாததால் சதை தன் போக்கில் சுருங்குகிறது. குழம்புக்கு முள்ளோடு குறுக்கே வெட்டும் துண்டில் இந்தச் சுருக்கம் கண்ணுக்குப் படுவதில்லை. அதனால்தான் கடலோரத்தில் வளர்ந்தும் இதை நான் கவனித்திருக்கவில்லை.

இப்போது மீனை வாங்கியதும் குடலையும் செவுளையும் நீக்கிக் கழுவி, முழு மீனாகவே தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸுக்கு நடுவே வைத்துவிடுகிறேன். மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸ் வேண்டும். பெட்டியின் அடியில் ஒரு துளையிட்டுச் சாய்த்து வைத்தால் உருகிய நீர் தேங்காது. மறுநாள் காலையில் தலையைப் பிடித்துக் கிடையாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். உடல் விறைப்பாக நேராக நின்றால் இன்னும் காத்திருக்க வேண்டும். வால் பக்கம் தானாகத் தொய்ந்தால் அறுக்கலாம். ஓர் இரவு ஐஸில் இருந்த மீனின் துண்டு கல்லில் கிட்டத்தட்டப் போட்ட நீளத்திலேயே கிடக்கிறது. சுவையிலும் குறை தெரியவில்லை. புதிய மீனை உடனே அடுப்பேற்றுவதுதான் சிறப்பு என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தபோதிலும், இந்த ஒரு சமையலுக்கு மட்டும் பொறுத்திருப்பதே சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது அறுக்கும் வேலை. சந்தையில் அரிவாள்மனையில் அமர்ந்து வெட்டுபவர்கள் கண் இமைக்கும் நேரத்தில் குறுக்குத் துண்டு போட்டுத் தந்துவிடுவார்கள். நடுமுள்ளை ஒட்டி நீளவாக்கில் சதையை எடுத்துத் தரச் சொன்னால், அரிவாள்மனை அதற்கு ஏற்றதல்ல என்பதால் சதையில் பாதி எலும்போடு போய்விடுகிறது. ஆகவே முழு மீனாக வாங்கி வீட்டில் நானே அறுக்கிறேன். இதற்கென்று 18 சென்டிமீட்டர் நீளத்தில், அழுத்தினால் சற்று வளையும் மெல்லிய அலகுள்ள கத்தி ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கினேன். காய்கறி நறுக்கும் தடித்த கத்தி எலும்பின் வளைவைப் பின்தொடர்வதில்லை. இந்தச் செலவு தவிர்க்க முடியாதது.

செதிலை வாலிலிருந்து தலை நோக்கிச் சுரண்டி முழுவதும் எடுத்துவிட வேண்டும். ஒரு செதில் தங்கினாலும் தோல் அந்த இடத்தில் கல்லைத் தொடாமல் தூக்கி நிற்கும். பிறகு செவுள் மூடிக்கும் பக்கவாட்டுத் துடுப்புக்கும் பின்னால் சாய்வாக நடுமுள் தட்டும்வரை ஒரு வெட்டு. முதுகுத் துடுப்பை ஒட்டித் தலையிலிருந்து வால்வரை மேலோட்டமாக ஒரு கீறல். அதன்பின் கத்தியைப் படுக்கவைத்து, எலும்பின்மேல் அலகு உரசும் ஓசை கேட்குமாறு நீண்ட இழுப்புகளாக இழுத்தால் சதை பிரிந்து வரும். முன்னும் பின்னுமாக அறுக்கக் கூடாது. அப்படி அறுத்தால் சதையின் பரப்பு பிசிறடித்து, அந்தப் பிசிறுகள்தான் பின்னர் பாகில் முதலில் கருகுகின்றன. விலா முள்ளைத் தனியாகச் சீவி எடுத்த பின்னும், துண்டின் முன்பாதியில் நடுக்கோட்டை ஒட்டிச் சிறு முட்கள் வரிசையாக நிற்கும். இடுக்கியால் பிடுங்கினால் விளமீனில் அவை சதையைக் கிழித்துக்கொண்டுதான் வருகின்றன. அந்த வரிசையின் இருபுறமும் சாய்வாகக் கீறி, முள்ளிருக்கும் மெல்லிய கீற்றை மட்டும் அப்படியே எடுத்துவிடுவதே எளிது. இடுக்கிக்குக் கொடுத்த 120 ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

ஒன்றரைக் கிலோ மீனில் தோலோடு 580 கிராம் சதை கிடைத்தது. முள் கீற்றையும் வயிற்று ஓரத்தையும் நீக்கியபின் 540 கிராம், அதாவது ஏறத்தாழ 135 கிராம் வீதம் நான்கு துண்டுகள். தலையும் நடுமுள்ளும் குழம்புக்குப் போனதால் வீணானது குடலும் செதிலும் மட்டுமே. தோலை உரித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வழக்கமாக மீன் தரும் அக்கா, "தோல உரிச்சிராதீங்க தம்பி, தோலு இருந்தாத்தான் துண்டு ஒடையாம வரும்" என்றார். அது முழுக்க உண்மை. உரித்துச் செய்து பார்த்த துண்டு திருப்பும்போதே மூன்றாகப் பிளந்தது. தோல்மேல் குறுக்காக இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மூன்று கீறல் போட்டால் தோல் சுருங்குவதும் குறைகிறது.

மீனைக் கழுவும்போது மஞ்சள் தூள் போடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். துண்டின்மேல் மஞ்சள் தங்கினால் பாகின் செம்பழுப்பு நிறம் மங்கலாகிறது. உப்பு, 100 கிராம் சதைக்கு 1.2 கிராம் என்ற கணக்கில் ஆறரைக் கிராம். உப்பைத் தடவி இருபது நிமிடம் விட்டால் மேற்பரப்பில் நீர் கோக்கும். அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, துண்டுகளைக் கம்பி வலையின்மேல் வைத்து, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைக்கிறேன். வெளியே எடுத்து எடை பார்த்தபோது 526 கிராம் இருந்தது. 14 கிராம் நீர் குறைந்திருந்தது. சிறிய அளவுதான் என்றாலும் வேறுபாடு பெரிது. அந்த நீர் சதையிலேயே தங்கியிருந்தால், கல்லின் சூட்டில் வெளியேறிப் பாகை நீர்க்கச் செய்து வழியவிடுகிறது. விரலால் தொட்டால் பரப்பு ஈரமாக இல்லாமல் லேசாக ஒட்டுமளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும். பாகு பிடிப்பதே அந்த ஒட்டுதலில்தான். நம் கரையில் கடற்காற்று எப்போதும் ஈரத்தைச் சுமந்து வருவதால், வெளியே வைத்து மின்விசிறியில் காயவைப்பது பயன் தரவில்லை. ஈயும் மொய்க்கும்.

துண்டுகள் உலரும் நேரத்தில் பாகைக் காய்ச்சிவிடலாம். நான்கு துண்டுகளுக்கு 60 கிராம் கருப்பட்டி, 15 கிராம் புளி, நான்கு முண்டு மிளகாய், நான்கு பல் பூண்டு, சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி, இரண்டு கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். மிளகாயைக் கீறி விதையை உதிர்த்துவிட்டு, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பூண்டு இஞ்சியோடு விழுதாக அரைக்க வேண்டும். முண்டு மிளகாயின் தோல் தடிப்பானது. முதலில் விழுதை அப்படியே சேர்த்ததில் தோல் துணுக்குகள் மீன்மேல் கரும்புள்ளிகளாகக் கருகின. இப்போது விழுதை இரண்டு மேசைக்கரண்டி நீரில் கரைத்துத் தேநீர் வடிகட்டியில் அழுத்தி வடித்துக்கொள்கிறேன். காரமும் நிறமும் இறங்கிவிடுகின்றன, துணுக்கு தங்குவதில்லை.

கருப்பட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். காய்ச்சிய பாகைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி உறையவைப்பார்கள். ஆகவே நல்ல கருப்பட்டியிலும் சிறிது சுண்ணாம்பு, மணல், சிரட்டைத் தும்பு இருக்கத்தான் செய்யும். 60 மில்லி நீரில் இளஞ்சூட்டில் கரைத்து, பத்து நிமிடம் அசைக்காமல் வைத்து, மேலாகத் தெளிந்ததைத் துணியில் வடித்தால் அடியில் ஒரு மெல்லிய மண்படலம் தங்கிவிடும். நேரடியாக வடிகட்டியில் ஊற்றினால் நுண்மணல் கூடவே வந்து பல்லில் நறநறக்கிறது. சீனி கலந்த கருப்பட்டியும் கடைகளில் விற்கப்படுகிறது. அதில் இனிப்பு மட்டும் எடுத்தடிக்கும், பனையின் கரிய மணம் இருக்காது. காய்ச்சுபவரிடமே நேரடியாக வாங்க முடிந்தால் அதுவே நல்லது. நான் வாங்கியது கிலோ 360 ரூபாய்.

புளியை 100 மில்லி வெந்நீரில் கரைத்து வடித்து, கருப்பட்டிக் கரைசலையும் மிளகாய்ச் சாற்றையும் உப்பையும் சேர்த்து அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் மிதமான தீயில் வைக்கிறேன். இரும்புச் சட்டியில் வைக்கக் கூடாது. புளிக்கு இரும்பு இறங்கிப் பாகில் உலோகச் சுவை வந்துவிடும். தொடக்கத்தில் சேர்த்தவற்றின் எடை 220 கிராம். பாத்திரத்தின் எடையைக் கழித்து 110 கிராம் வரும்வரை, அதாவது பாதியாக வற்றும்வரை காய்ச்ச வேண்டும்; என் அடுப்பில் அதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. இந்தத் தராசுக் கணக்குக்கு வருவதற்கு முன் கண்ணை நம்பிக் காய்ச்சினேன். சூட்டில் இருக்கும்போது பாகு எப்போதும் தண்ணீராகத்தான் தெரியும். கெட்டியாகிவிட்டது என்று கண்ணுக்குப் படும் நேரத்தில் அது மிட்டாய்ப் பதத்தை நெருங்கியிருக்கும். ஆறியபின் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு, மீன்மேல் பரவ மறுத்தது. அப்படி ஆகிவிட்டால் இரண்டு தேக்கரண்டி வெந்நீர் விட்டு மீண்டும் இளஞ்சூட்டில் கரைத்தால் மீட்டுவிடலாம்.

தராசு இல்லாதவர்கள் எவர்சில்வர் தட்டு ஒன்றை உறைபெட்டியில் குளிரவைத்து, அதில் அரைக் கரண்டி பாகை விட்டு, விரலால் நடுவே ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். கோட்டின் இருபுறமும் பாகு மெதுவாக நகர்ந்து, ஆனால் சேர்ந்துவிடாமல் நின்றால் பதம் சரி. பலகாரத்துக்குப் பார்க்கும் கம்பிப் பதம் வரை போகக் கூடாது. அதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். இறக்கிய பிறகு நல்லெண்ணெயைக் கலந்தால் மினுமினுப்பு கூடுகிறது, பாகின்மேல் ஆடை கட்டுவதும் நின்றுவிடுகிறது.

கல்லின் பக்கம் வந்தபோதுதான் அதிகம் அலைய வேண்டியிருந்தது. பாகை முதலிலேயே தடவி ஊறவைத்து, பொரிப்பது போலக் கல்லில் போட்டால் இரண்டு நிமிடத்தில் பாகு கரியாகிறது. அப்போது சதையின் நடுவே வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் 38 டிகிரிதான் காட்டுகிறது. அந்த வழியில் எந்தத் தீ அளவிலும் விடை இல்லை. சதை வேகத் தேவையான நேரமும் கருப்பட்டி கருகாமல் தாங்கும் நேரமும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. மீனை மூடிபோட்டு முழுதாக வேகவைத்துவிட்டுக் கடைசியில் பாகை ஊற்றியபோது, மூடியிலிருந்து சொட்டிய நீரும் சதையிலிருந்து கசிந்த நீரும் சேர்ந்து பாகு குழம்பானது. சுவை நன்றாகவே இருந்தது; சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டோம். ஆனால் நான் தேடிய படலம் அதில் இல்லை.

மூன்றாவது சிக்கல் கல்லுக்கே நேர்ந்தது. புளிப்பாகு பட்ட இடத்திலெல்லாம் பல ஆண்டுகளாகத் தோசை வார்த்துப் பழகிய கல்லின் கருமெருகு கழன்றுவிட்டது. மறுநாள் தோசை அந்த வட்டங்களில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. எண்ணெய் தடவிச் சூடேற்றி மீண்டும் பழக்கிய பிறகுதான் தேறியது. அம்மாவின் கல் அது என்பதால் அதற்குமேல் பாகை நேரடியாக அதில் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவுதான் வாழை இலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

முதல் கட்டத்தில் பாகுக்கு வேலை இல்லை. 30 சென்டிமீட்டர் அகல, நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள கல்லை நடுத்தரத் தீயில் நான்கு நிமிடம் காயவைத்து, தெளித்த நீர்த்துளி உருண்டு ஓடும்போது இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு, துண்டுகளைத் தோல் கீழாக வைக்கிறேன். வைத்தவுடன் அடிப்பக்கம் தட்டையான, நீர் நிரப்பிய கிண்ணத்தால் ஒவ்வொன்றையும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் தோல் முழுவதும் கல்லில் படியும். அதன்பின் தொடவே கூடாது. தோல் மொறுமொறுப்பானதும் கல்லை விட்டுத் தானாகவே கழன்றுகொள்ளும். அதற்கு முன் திருப்பியைச் செருகினால் தோல் கல்லிலேயே தங்கிவிடும். இரண்டேகால் சென்டிமீட்டர் தடிமனுக்கு மூன்றரை நிமிடம். பக்கவாட்டில் பார்த்தால் சதை கீழிருந்து மேலாக வெளுத்துக்கொண்டே வருவது தெரியும். மூன்றில் இரண்டு பங்கு வெளுத்ததும் துண்டுகளை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, தீயைக் குறைத்து, கல்லிலுள்ள எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

இப்போது இலை. நடுத்தண்டை நீக்கி, ஏறத்தாழ 25-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் நறுக்கிய வாழை இலையைத் தீயில் வாட்டிக்கொண்டால் கிழியாது. அதை எண்ணெய் தடவிக் கல்லின்மேல் விரித்து, துண்டுகளின் சதைப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேக்கரண்டி பாகைக் கரண்டி முதுகால் தடவி, பாகுப்பக்கம் கீழாக இலைமேல் வைக்கிறேன். ஒன்றரை நிமிடம். இலையில் ஈரம் இருக்கும்வரை சூடு ஒரு வரம்புக்குமேல் ஏறுவதில்லை. பாகு கருகாமல் சதையின் பரப்போடு இறுகிப் பிடிக்கிறது. வழியும் பாகு இலையிலேயே தங்குவதால் கல்லுக்கும் சேதம் இல்லை. பிறகு இரண்டு திருப்பிகளைக் கொண்டு தோல் கீழாகத் திருப்பி, இரண்டாம் பூச்சு. ஒரு நிமிடம் கழித்து அடுப்பை அணைத்துவிட்டு மூன்றாம் பூச்சு. கல்லில் மீந்திருக்கும் சூட்டிலேயே இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். ஒரே பூச்சாகத் தடிப்பாக ஊற்றினால் மேற்பரப்பு மட்டும் காய்ந்து அடியில் வழுக்குகிறது; மெல்லிய மூன்று பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. சிலிக்கான் தூரிகையும் வாங்கிப் பார்த்தேன். அது முந்தைய பூச்சை இழுத்துக் கலைக்கிறது. கரண்டி முதுகே போதும்.

வெந்த அளவைக் கணிக்க 700 ரூபாய்க்கு வாங்கிய வெப்பமானி பெரிய உதவி. மீனின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. அடுப்பை அணைக்கும்போது 60 இருந்தால் மூன்றாம் பூச்சு காயும் நேரத்தில் அது 63-ஐத் தொட்டுவிடுகிறது. 70-ஐத் தாண்டிய துண்டில் சதை அடுக்குகளுக்கிடையே வெண்ணிறக் கசிவு பிதுங்கிப் பாகைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. வெப்பமானி இல்லாதவர்கள் மெல்லிய கத்தி நுனியால் தடித்த இடத்தில் சற்றே விலக்கிப் பார்க்கலாம். கண்ணாடித் தன்மை நீங்கி, அடுக்குகள் எதிர்ப்பில்லாமல் பிரிந்தால் போதும்.

உறவினர் வீட்டில் 19 லிட்டர் மின் அவன் இருந்ததால் அதிலும் செய்து பார்த்தேன். 200 டிகிரியில் மேல்கம்பியை மட்டும் எரியவிட்டு, கல்லில் தோல் மொறுமொறுப்பாக்கிய துண்டுகளை மூன்று நிமிடம் வைத்தால் பாகு நன்றாகவே மினுங்குகிறது. ஆனால் பின்வரிசைத் துண்டு கறுக்கும்போது முன்வரிசை வெளிறியே இருக்கிறது; பாதியில் தட்டைத் திருப்ப வேண்டும். தோலின் மொறுமொறுப்பும் தளர்ந்துவிடுகிறது. மின் அவன் உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தலாம். இல்லாதவர்களுக்கு இழப்பு ஏதுமில்லை.

செலவுக் கணக்கு: மீன் கிலோ 450 வீதம் 675 ரூபாய், கருப்பட்டி 22, புளி, மிளகாய், பூண்டு, எண்ணெய் எல்லாம் சேர்த்து 30-க்குள், ஐஸ் 20. நான்கு பேருக்கு ஏறத்தாழ 750 ரூபாய் என்பது தினச் சமையலுக்கு அதிகம்தான். முள் நீக்கிய சதையாகக் கணக்கிட்டால் மீன் கிலோவுக்கு 1,250 ரூபாய் விழுகிறது. தலையும் முள்ளும் மறுவேளைக் குழம்பாவதால்தான் மனம் ஒப்புகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை உள்ள 61 நாள்களில், நாட்டுப் படகுகளின் தூண்டில் மீனும் கூடு வைத்துப் பிடித்த மீனும்தான் வரும். விலை இன்னும் ஏறும். அந்தக் காலத்தில் உறையவைத்த ஃபில்லெட் (முள் நீக்கிய சதைத் துண்டுகள்) பொட்டலம் ஒன்றை வாங்கினேன். உலராமலிருக்க அவற்றின்மேல் ஐஸ் படலம் ஏற்றியிருப்பார்கள். 500 கிராம் பொட்டலம் உருகிய பின் 430 கிராம் இருந்தது. ஒரு நாள் முழுவதும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மெதுவாக உருகவைத்து, உலர்த்தும் நேரத்தை இரண்டு மணி நேரமாக்கியபோது பாகு ஓரளவு பிடித்தது. தோல் இல்லாத துண்டு என்பதால் முதலிலிருந்தே இலையில்தான் வைக்க வேண்டியிருந்தது.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை சில உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கருப்பட்டி ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியத் தொடங்கும். அப்போது 60 கிராம் என்ற அளவில் நீரும் கலந்திருக்கும் என்பதால், பாதி எடை என்ற கணக்கை விட்டுவிட்டுக் குளிர்ந்த தட்டுச் சோதனையையே நம்ப வேண்டும். புதுப்புளி கிடைக்கும் பங்குனி, சித்திரையில் பாகின் நிறம் வெளிர்ந்திருக்கிறது. அடர்ந்த நிறத்துக்கு ஓராண்டுப் பழம்புளியை எடுத்துவைப்பது நல்லது. மீந்த பாகு ஏறத்தாழ 40 கிராம்; கண்ணாடிக் குப்பியில் இரண்டு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் கெடாமல் இருந்தது, அடுத்த முறைக்கு வெந்நீர்ச் சட்டியில் வைத்து இளக்கினால் போதும். மீனில் பட்ட கரண்டியை அதில் விடாமல், தடவுவதற்கு வேண்டியதை முதலிலேயே சிறு கிண்ணத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து எடுக்கப்போவது கடல் விரால். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் 2010-இல் இந்தியாவிலேயே முதன்முறையாக அதன் குஞ்சுகளை உற்பத்தி செய்தது. அதன்பின் மண்டபத்தை ஒட்டிய கடலில் மிதவைக் கூண்டுகளில் வளர்க்கிறார்கள். விளமீனைவிடக் கொழுப்பு மிகுந்த, தடித்த சதை. சிறு முள் தொல்லை குறைவு. ஆனால் அதன் தோல் ரப்பர்போல் கடினமானது என்பதால் உரித்துத்தான் ஆக வேண்டும். தோல் இல்லாவிட்டால் கல்லில் நேரடியாக வைக்கும் முதல் கட்டமே மாறும். மூன்று சென்டிமீட்டர் தடிமனில் நறுக்கி, இரண்டு இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சிறு தீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம் வேகவிட்ட பிறகே பாகைத் தொடலாம் என்று நினைக்கிறேன். கொழுப்புக்கு ஈடுகொடுக்கப் புளியை 20 கிராமாக உயர்த்தி, கருப்பட்டியை 50-ஆகக் குறைத்து ஒரு பாகு காய்ச்சி வைத்திருக்கிறேன்.